சொந்த வண்டியா, சியாங் மாயா, லடாக்கா: சிங்கப்பூர் ஓட்டுநருக்கு எந்த மலை?

மலைப் பயணம் என்று பேச்செடுத்தால் இங்குள்ள மோட்டார்சைக்கிள் நண்பர்கள் மூன்று வழிகளைச் சொல்வார்கள். சொந்த வண்டியை உட்லண்ட்ஸ் வழியாகக் கிளப்பி, மலேசியாவைக் கடந்து வட தாய்லாந்தின் மே ஹோங் சோன்வரை ஓட்டிப் போவது. சியாங் மாய்க்குப் பறந்து அங்கே வாடகை வண்டி எடுப்பது. டெல்லி வழியாக லடாக்கின் லே நகருக்குப் போய்ச் சேர்ந்து இமாலயன் மோட்டார்சைக்கிளில் ஏறுவது. படங்களைப் பார்த்து முடிவெடுத்தால் லடாக்தான் ஜெயிக்கும். லைசென்ஸ் அட்டையையும் மிச்சமிருக்கும் விடுப்பையும் மேசையில் வைத்துவிட்டுப் பார்த்தால், பலருக்கு முடிவு மாறிவிடும்.

லைசென்ஸ் முதலில்

சிங்கப்பூரில் 2பி என்றால் 200 சிசிவரை, 2ஏ என்றால் 400 சிசிவரை, அதற்கு மேல் வகுப்பு 2. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஓராண்டு இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். லேயில் வாடகைக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி ராயல் என்ஃபீல்டு இமாலயன். பழையது 411 சிசி, புதியது 452 சிசி. இரண்டுக்குமே இங்கே வகுப்பு 2 வேண்டும். வாடகைக் கடைக்காரர் உங்கள் வகுப்பைக் கேட்கவே மாட்டார், சாவியை நீட்டிவிடுவார். கேட்கப் போவது பயணக் காப்புறுதி நிறுவனம், அதுவும் கால் முறிந்த பிறகு. சொந்த நாட்டில் ஓட்ட உரிமையில்லாத வண்டியில் விழுந்தால் கோரிக்கை தள்ளுபடியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது.

2பி வைத்திருப்பவருக்கு லடாக்கில் ஒரு வழி உண்டு: ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200. அதன் எஞ்சின் 199.6 சிசி. ஆனால் 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210 வரம்பைத் தாண்டிவிடுகிறது. பதிவு செய்யும்போதே '200தான் வேண்டும்' என்று எழுத்தில் வாங்குங்கள். சியாங் மாயில் 2பி ஆளுக்கு இந்தத் தலைவலி குறைவு. 150, 160 சிசி வண்டிகள் கடைக்குக் கடை நிற்கும். 2ஏ இருந்தால் ஹோண்டா சிஆர்எஃப் 300எல் (286 சிசி) அந்த மலைக்கென்றே செய்ததுபோல் பொருந்தும்.

ஆவணம்: ஆசியான் நாடுகளின் லைசென்ஸ் என்பதால் சிங்கப்பூர் அட்டை தாய்லாந்தில் செல்லும். இந்தியாவுக்கு, இங்குள்ள ஆட்டோமொபைல் சங்கம் தரும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வேண்டும், அதோடு அசல் அட்டையும் கையில் இருக்க வேண்டும். அந்த அனுமதி உங்கள் அட்டையில் உள்ள வகுப்புக்கு மேல் எதையும் கூட்டித் தராது. கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு 'அங்கே யார் கேட்கப் போகிறார்கள்' என்பவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது.

நாள்கணக்கு

சியாங் மாய்க்கு நேரடி விமானம், ஏறத்தாழ மூன்று மணி நேரம். சியாங் மாயில் கிளம்பி மே ஹோங் சோன் சுற்றி அங்கேயே திரும்பும் மலை வளையத்தை நான்கு நாளில் முடிக்கலாம். போக வர, ஓய்வுக்கு என்று சேர்த்து ஒரு வாரம் போதும்.

லடாக்குக்குப் பத்து நாளுக்குக் குறைந்தால் போகவே வேண்டாம். போக வர நான்கு நாள் போய்விடும், லேயில் உடல் பழக இரண்டு நாள், சாலை அடைபட்டால் கைவசம் இருக்க ஒரு நாள். மீதிதான் ஓட்டம். செப்டம்பர் அங்கே மிக நல்ல மாதம், வானம் தெளிவாக இருக்கும், ஓடைகளில் நீர் வடிந்திருக்கும். நம் செப்டம்பர் பள்ளி விடுமுறையோ ஒரே வாரம். பிள்ளைகளின் விடுமுறையோடு சேர்த்துத்தான் போக முடியும் என்பவருக்கு ஜூன்தான் மிஞ்சும். அப்போது பனி உருகி ஓடை ஓடையாகச் சாலையைக் குறுக்கிடும்.

வட தாய்லாந்துக்கு நவம்பர் முதல் ஜனவரிவரை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு அப்படியே பொருந்துகிறது. மார்ச் விடுமுறையில் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல்வரை வயல்களையும் காட்டையும் எரிக்கும் காலம். கண் எரியும், மலையே தெரியாது.

சொந்த வண்டி: மலைக்காக என்றால் வேண்டாம்

உட்லண்ட்ஸிலிருந்து சியாங் மாய் ஏறத்தாழ 2,500 கி.மீ. மலேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 800 கி.மீ., தென் தாய்லாந்தின் ஹாட்யாயிலிருந்து பேங்காக் 950, அங்கிருந்து 700. ஒரு பக்கம் நான்கு நாள். மலை வளையம் 600 கி.மீ.தான். ஆக, மொத்தம் ஓட்டுவதில் பத்தில் ஒரு பங்கு மலை, மீதி நேர்சாலை. நேர்சாலையே இன்பம் என்பவர்கள் உண்டு, அவர்களோடு வாதமில்லை. மலைதான் நோக்கம் என்றால் இது விலை உயர்ந்த சுற்றுவழி.

சிக்கல்கள் பெரும்பாலும் எல்லையில்தான். மலேசிய நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது, அது ஒரு நிம்மதி. சிங்கப்பூர்த் தகடு வைத்த வண்டிக்கு ரான்95 பெட்ரோல் போடக் கூடாது, ரான்97 மட்டும். தாய்லாந்துக்குள் நுழைய மின்னிலக்க வருகை அட்டையை, போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். வண்டிக்குத் தற்காலிக இறக்குமதிப் படிவம் தனி. வண்டி உங்கள் பெயரில் இல்லாவிட்டால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். எல்லைக்கு முன்னால் சாங்லூனில் உள்ள கடைகள் படிவங்களை நிரப்பித் தருகின்றன, தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியையும் விற்கின்றன.

பலர் கவனிக்காதது இன்னொன்று. சிங்கப்பூர் மோட்டார் காப்புறுதிகள் பெரும்பாலும் மேற்கு மலேசியாவையும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தூரத்தையும் மட்டுமே காக்கும். ஹாட்யாய் அதற்குள் வரும், சியாங் மாய் வராது. தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி ஆள்களுக்கு ஏற்படும் காயத்துக்குத்தான், உங்கள் வண்டிக்கு அல்ல. வண்டி அங்கே பழுதாகி நின்றாலும் இறக்குமதிக் கெடுவுக்குள் வெளியே கொண்டுவந்தாக வேண்டும். இல்லையென்றால் அபராதம்.

இதையெல்லாம் மீறிப் போவதென்றால் புதுப் பின் டயர், பாதிக்கு மேல் தடிமன் உள்ள பிரேக் பேட், சியாங் மாயில் எண்ணெய் மாற்ற ஒரு காலை, 500 கி.மீ.க்கு ஒருமுறை சங்கிலிக்கு எண்ணெய். தாய்லாந்தின் மோட்டார்வேக்களிலும் விரைவுச்சாலைகளிலும் மோட்டார்சைக்கிளுக்கு இடமில்லை. வரைபடச் செயலியில் அந்த வழிகளைத் தவிர்க்கும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள், பேங்காக்கைச் சுற்றும்போது புரியும்.

சியாங் மாய்: முதல் மலைக்கு இதுதான்

சாலை 1095இல் சியாங் மாயிலிருந்து பாய்க்கு 135 கி.மீ., பாயிலிருந்து மே ஹோங் சோனுக்கு 110. பிறகு சாலை 108இல் குன் யுவாம் வழியாக மே சாரியாங் 165, அங்கிருந்து சியாங் மாய் 190. மே ஹோங் சோன்வரை 1,864 வளைவுகள் என்று கணக்குச் சொல்லிச் சான்றிதழும் தருகிறார்கள். முழுக்கத் தார்ச்சாலை, எங்கும் பெட்ரோல், எங்கும் சாப்பாடு. நேரம் இருந்தால் மே சேம் வழியாகத் திரும்பி டோய் இந்தனோன் ஏறலாம். தாய்லாந்தின் உச்சி அது, 2,565 மீட்டர். மூச்சுத் திணறல் கவலை இல்லை. டிசம்பர் இரவில் பாயில் குளிரும், உள்ளே ஒரு கம்பளி போதும்.

இங்கே விழுபவர்கள் பெரும்பாலும் ஸ்கூட்டரில் விழுகிறார்கள். தானியங்கி ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து எஞ்சினால் வேகத்தைப் பிடிக்க வழியில்லை. 1095இன் நீண்ட இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். 2பி ஆளாக இருந்தாலும் கியர் உள்ள 150 சிசி வண்டியைத் தேடிப் பிடியுங்கள். இரண்டாவது ஆபத்து எதிரே வரும் மினிவேன்கள், கண் மறைந்த வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி வரும். உங்கள் தடத்தின் இடது பாதியிலேயே இருங்கள். வளைவின் உள்பக்கம் சரளை கிடக்கும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

சிஆர்எஃப் 300எல் எடுத்தால் டாங்கி 7.8 லிட்டர்தான், பாதி ஆனதுமே நிரப்பிவிடுங்கள். இருக்கை உயரம் 880 மி.மீ., குட்டையானவர்கள் கடையிலேயே ஏறி உட்கார்ந்து பார்ப்பது நல்லது. கடப்பிதழைப் பிணையாகக் கேட்கும் கடையில் எடுக்காதீர்கள். பணப் பிணை வாங்கும் கடைகள் இருக்கின்றன. வண்டியின் கீறல்களை முன்னாலேயே காணொளி எடுத்து வையுங்கள்.

லடாக்: வண்டிக்கும் மூச்சு வாங்கும்

லே 3,500 மீட்டர். கர்துங் லா கணவாய், பலகையில் என்ன எழுதியிருந்தாலும், 5,359 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். எஞ்சினுக்கும் அதே கதி. எரிபொருள் செலுத்தி கலவையைச் சரிசெய்யும், இல்லாத காற்றை அதனால் தர முடியாது. பழைய இமாலயனின் 24 குதிரைசக்தி உச்சியில் ஏறத்தாழ 13 ஆகிவிடும். எக்ஸ்பல்ஸின் 19 பத்துக்கு இறங்கும். அதாவது நம் கப்சாய் எனும் சிறு மோட்டார்சைக்கிளின் வலுவில் இமயமலை ஏறுவது. தனியாள், சிறு பை என்றால் முதல், இரண்டாம் கியரில் ஏறிவிடும். பின்னால் ஆளும் பெட்டியும் இருந்தால் கிளட்சைப் பாதி பிடித்துப் பிடித்தே தட்டு எரிந்துபோகும். இருவராகப் போவதென்றால் 452 சிசி இமாலயனைத் தவிர வேறு எடுக்க வேண்டாம். அதற்கு 40 குதிரைசக்தி, 17 லிட்டர் டாங்கி.

உடல் பழகுவதில் சமரசம் கூடாது. கடல்மட்டத்தில் வாழும் நாம் விமானத்தில் நேராக லேயில் இறங்கினால் முதல் 48 மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது. நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தூங்கலாம். மது வேண்டாம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர்கள் வழக்கமாக 125 மி.கி., நாளுக்கு இருமுறை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து என்று தருவார்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஓய்வெடுக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஸ்ரீநகரில் இறங்கி டாக்சியில் கார்கிலில் ஓர் இரவு தங்கி (2,676 மீட்டர்) லே போவது இன்னும் பத்திரம். ஒரு நாள் கூடும், தலைவலி குறையும்.

அதே காரணத்தால் சுற்றும் வரிசையும் முக்கியம். முதலில் நுப்ரா பள்ளத்தாக்கு. கர்துங் லாவைக் கடந்தாலும் இரவு தங்கும் ஹுண்டர் லேயைவிடத் தாழ்வு. பிறகு ஷியோக் ஆற்றோரமாகப் பாங்காங் ஏரி, 4,200 மீட்டருக்கு மேல். முதல் இரவே பாங்காங்கில் தங்கத் திட்டமிடும் அட்டவணைகளைக் கிழித்துப் போடலாம். நுப்ராவின் டிஸ்கிட்டில் டாங்கியை முழுக்க நிரப்புங்கள். அங்கிருந்து பாங்காங் வழியாக லே திரும்ப 300 கி.மீ.க்கு மேல். உலோகக் கேனில் மூன்று லிட்டர் கூடுதலாக இருந்தால் நிம்மதி. பனிநீர் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும், மதிய வெயிலில் பனி உருகி நீர் ஏறிவிடும். முதல் கியர், சீரான த்ராட்டில், பார்வை எதிர்க்கரையில். நடுவில் கிளட்சைப் பிடித்தால் வண்டி நின்றுபோகும்.

வாடகை வண்டியை லேயிலேயே எடுங்கள். மணாலியிலோ டெல்லியிலோ எடுத்த வாடகை வண்டியோடு நுப்ரா, பாங்காங் பக்கம் போக உள்ளூர் வாடகைச் சங்கத்தார் விடமாட்டார்கள். எடுக்கும்போது கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள் ஒவ்வொன்று, 21, 17 அங்குல டியூப் ஒவ்வொன்று, டயர் நெம்பி, பம்ப் கேட்டு வாங்குங்கள். எக்ஸ்பல்ஸுக்குப் பின் டியூப் 18 அங்குலம்.

நம்மவர் குழுக்களில் கடப்பிதழ் கலந்திருக்கும்: இருவர் சிங்கப்பூர்க் குடிமக்கள், மூவர் இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசிகள். இந்தியர்களுக்கு அனுமதி எளிது. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு விசாவோடு, நுப்ரா, பாங்காங், சோ மோரிரி ஏரி போகப் பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதியும் வேண்டும். அதைப் பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான் எடுக்க வேண்டும், வழக்கமாகக் குறைந்தது இருவராக. குறைந்தது பத்து நகல் எடுத்து வையுங்கள், ஒவ்வொரு சாவடியிலும் ஒன்று கேட்பார்கள். உம்லிங் லா கணவாய்க்குப் போகும் ஆசை இருந்தால், வெளிநாட்டவருக்கான விதி தனி என்பதால், பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே முகவரிடம் கேளுங்கள்.

சென்னையில் வாங்கிய பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும். செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் கருவியை மற்ற நாடுகளுக்குக் கொண்டுபோய்ப் பழகியவர்கள் இந்தியாவுக்கு எடுத்துப் போகாதீர்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே கைதானவர்கள் இருக்கிறார்கள்.

எதை எடுப்பது

2பி, ஒரு வாரம், மலை புதிது: சியாங் மாய், டிசம்பர், கியர் வண்டி. 2ஏ இருந்தாலும் முதல் தடவைக்கு அதுவே. வகுப்பு 2, பத்து நாளுக்கு மேல் விடுப்பு, செப்டம்பரில் போக முடியும் என்றால் லடாக்கைத் தள்ளிப்போடக் காரணமில்லை. சொந்த வண்டிப் பயணம் மூன்றாவது. இரண்டு வார விடுப்பும், காப்புறுதி நீட்டிப்பும், நல்ல பின் டயரும் சேர்ந்து அமையும்போது பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வார இறுதியில் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, பிரேக் தொடாமல் மூன்றாம் கியரிலேயே இறங்கிப் பழகுங்கள்.

எந்த வழியானாலும் பயணக் காப்புறுதி வாங்கும்முன் இரண்டு கேள்விக்கு மின்னஞ்சலில் பதில் பெறுங்கள்: இத்தனை சிசி மோட்டார்சைக்கிள் ஓட்டுவது உள்ளடங்குமா, எத்தனை மீட்டர் உயரம்வரை. பல காப்புறுதிகளில் உயர வரம்பு லேக்கே எட்டாது.