செயலியா, கையேடா? காட்டுக் காளானுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் வேலை

இரண்டு சீசன் செல்போன் செயலியை நம்பிக் காளான் தேடி அலைந்தேன். மூன்றாவது சீசனிலிருந்து பையில் ஒரு கையேடு, சின்னக் கத்தி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதனால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நான் கையேட்டுக் கட்சி. ஆனாலும் செயலியைப் போனிலிருந்து அழிக்கவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது.

எல்லாருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். செயலி வேகமானது, தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. கையேடு கனம், மழையில் நனையும், ஒரு பெயரைப் பிடிக்கவே சில நாள் அரை மணி நேரம் ஆகிவிடும். சிக்னல் கிடைக்காத இடத்தில் பல செயலிகள் கையை விரித்துவிடும், புத்தகம் விரிக்காது. துல்லியத்தைப் பற்றிச் சொல்வதானால், மூன்று செயலிகளை 78 காளான்களின் படங்களைக் கொண்டு சோதித்த ஆய்வு ஒன்று 2023-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதில் முதலிடம் பிடித்த செயலியே 49 சதவீதம்தான் சரியாகச் சொன்னது. அதற்குப் பிறகு செயலிகள் தேறியிருக்கலாம். நான் கட்சி மாறியதற்கு அந்த எண் காரணமில்லை. காம்பின் அடிதான் காரணம்.

நடந்தது இதுதான். ஓக் மரத்தடியில், உதிர்ந்த இலைகளைத் தள்ளிக்கொண்டு இரண்டு காளான்கள் நின்றன. வெளிறிய குடை, அதில் லேசாகப் பச்சை ஓடியது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தேன். செயலி, சாப்பிடக்கூடிய ஓர் இனத்தின் பெயரை முதலில் காட்டி, வேறு நாலு பெயர்களைக் கீழே அடுக்கியது. கீழே இருந்ததை நான் படிக்கவில்லை. முதல் காளானை மண்ணோடு ஒட்ட அறுத்துக் கூடையில் போட்டேன். இரண்டாவது சற்றுச் சாய்ந்திருந்ததால் கத்தி வாகாகப் பிடிபடவில்லை. நுனியால் மண்ணைக் கிளறி நெம்பினேன். கிழங்கு மாதிரி பருத்த அடி வந்தது, அதைச் சுற்றிக் கிழிந்த வெள்ளைச் சவ்வுப் பையும் வந்தது. உடைந்த முட்டை ஓட்டுக்குள் காம்பை நட்டு வைத்தாற்போல இருந்தது.

குடைக்கு அடியில் வரிவரியாக வெள்ளைத் தகடுகள், காம்பில் பாவாடை போல ஒரு வளையம், அடியில் பை. டெத் கேப் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிய அமானிட்டா பல்லாய்டிஸ். வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அதன் நஞ்சு போகாது. தின்ற 6 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நடுவில் ஒரு நாள் தேறியது போலத் தோன்றும், அந்த இடைவெளியில் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

கூடையில் கிடந்த முதல் காளானிடம் இந்த அத்தாட்சி இல்லை. அதை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். செயலியை மட்டும் குறை சொல்லவும் முடியாது, நான் காட்டியதைத்தான் அது பார்த்தது. ஆனால் அடி எங்கே என்று அது என்னைக் கேட்கவில்லை. கையேட்டில் இருக்கும் அடையாளத் திறவுகோல் என்ற கேள்வி வரிசை கேட்கும். குடைக்கு அடியில் தகடா, துளையா? தகடு காம்பைத் தொடுகிறதா, விலகி நிற்கிறதா? காம்பின் அடியில் பை உண்டா? பதில் தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போக முடியாது, மறுபடி குனிந்து தோண்ட வேண்டியதுதான். இந்தத் தொந்தரவுக்காகத்தான் கையேடு எனக்குப் பிடித்திருக்கிறது.

தோண்டினால் அடுத்த வருஷம் காளான் வராது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சிலர் சண்டைக்கே வருவார்கள். சுவிட்சர்லாந்தில் 29 வருஷத் தரவை வைத்து 2006-ல் வெளியான ஆய்வு, பிடுங்கினாலும் அறுத்தாலும் பிற்பாடு விளைச்சல் குறையவில்லை என்று காட்டியது. மண்ணை மிதித்து இறுக்கியபோதுதான் தலைகாட்டிய காளான்களின் எண்ணிக்கை குறைந்தது. ஆகவே தாராளமாகத் தோண்டுங்கள், எடுத்த குழியை இலையால் மூடிவிட்டு வாருங்கள், கண்ட இடத்தில் மிதிக்காதீர்கள்.

அடுத்து அந்தக் கண்ணாடித் துண்டு. காம்பை அறுத்துவிட்டுக் குடையைத் தகடுகள் கீழே இருக்கும்படி அதன் மேல் வைத்து, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டால், மறுநாள் காலையில் ஸ்போர் தூள், அதாவது காளானுக்கு விதை மாதிரியான நுண்துகள், கோலம் போட்ட மாதிரி படிந்திருக்கும். இதுதான் ஸ்போர் அச்சு. வெள்ளைத் தாளில் வெள்ளைத் தூள் தெரியாது. கண்ணாடி என்றால் கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் வைத்துப் பார்க்கலாம். தகடுள்ள காளான்களை ஸ்போர் நிறத்தை வைத்துப் பிரிக்கும் வழியை 1821-லேயே சுவீடன்காரர் எலியாஸ் ஃப்ரீஸ் கையாண்டார். மரபணு ஆய்வு வந்து குடும்பங்களைப் பலமுறை கலைத்து அடுக்கியாகிவிட்டது, ஆனாலும் வீட்டு மேசையில் இதைவிட மலிவான சோதனை கிடையாது. எந்தச் செயலிக்கும் இந்தப் பதினைந்து மணி நேரப் பொறுமை வராது.

சமையலுக்கு வளர்க்கும் வைக்கோல் காளானை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அடியில் பை உண்டு. குடை விரியாத முட்டைப் பருவத்தில் டெத் கேப்போடு குழம்பி, ஆசியாவிலிருந்து வேறு கண்டங்களுக்குக் குடிபோனவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். விரிந்த குடை என்றால் அச்சு சொல்லிவிடும்: வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு, டெத் கேப்புக்கு வெள்ளை. முட்டையாக இருக்கும்போது அச்சே விழாது, அதனால் முட்டைகளை நான் தொடுவதில்லை. புல்வெளியில் வட்டம் கட்டி வரும், பழுப்புச் செதில் ஒட்டிய பெரிய குடையுள்ள, நஞ்சுள்ள குளோரோஃபில்லம் மோலிப்டைட்டஸ் இன்னும் சுலபம். சாப்பிடக்கூடிய பாரசோல் காளான் என்று நம்பி எடுத்துவந்தால், மறுநாள் கண்ணாடியில் பச்சைத் தூள் கிடக்கும். அந்த ஒரு நிறத்திலேயே விஷயம் முடிந்தது.

மரம் பார்க்கக் கற்றதும் கையேட்டால்தான். 'லார்ச் மரத்தடியில்' என்று சுயில்லஸ் பேரினக் காளான் ஒன்றுக்குப் போட்டிருந்தால், லார்ச் எது, பைன் எது என்று தெரியாமல் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. பல காளான்கள் மரவேரோடு கூட்டு வைத்து வாழ்பவை. வேர் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை நீரும் உப்புகளும் கொடுக்கும். கூட்டாளி மரம் தெரிந்தால் பாதிப் பெயர்கள் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். ஆனால் இதிலும் பள்ளம் இருக்கிறது. மண்ணில் முளைத்தால் சாப்பிடக்கூடிய சாந்தரெல், மரத்தில் முளைத்தால் நஞ்சுள்ள ஆம்ஃபலோட்டஸ் என்று மனப்பாடம் செய்திருந்தேன். புதைந்த வேரிலிருந்து வரும் ஆம்ஃபலோட்டஸ், பார்வைக்கு மண்ணில் முளைத்தது போலத்தான் நிற்கும். மறுபடி தோண்டல்தான். நம் புற்றுக்காளானும் அப்படியே: காம்பு வேர் போல நீண்டு கீழே கரையான் வளர்க்கும் பூஞ்சைத் தோட்டம் வரை போகும். மேலே அறுத்தால் அந்தக் கதை தெரியாது.

கையேட்டின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஒரு கண்டத்துக்கு எழுதியது இன்னொரு கண்டத்தில் ஏமாற்றும். டெத் கேப்பே ஐரோப்பாவிலிருந்து, நடுவதற்குக் கொண்டுபோன மரங்களின் வேரோடு வட அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்ததுதான். பழைய பதிப்புகளில் பெயர்கள் மாறிப்போயிருக்கும். 2023-ல், செயற்கை நுண்ணறிவு எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட காளான் கையேடுகள் இணைய விற்பனைக்கு வந்து, காளான் சங்கங்கள் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. எழுதியவர் யார், எந்தப் பகுதிக்கு எழுதியது என்று பார்க்காமல் வாங்கினால், செயலியே தேவலை என்று ஆகிவிடும்.

செயலியை நான் வைத்திருப்பது இரண்டு வேலைக்கு. எந்தப் பேரினம் என்று ஒரு துப்புக் கொடுத்தால் கையேட்டில் சரியான பக்கத்துக்கு நேராகப் போகலாம். தேதி, இடம், படம் மூன்றையும் தானாகக் குறித்து வைக்கும், என் குறிப்பேட்டைவிட ஒழுங்காக.

மூன்றாவது வழி, விஷயம் தெரிந்தவரோடு போவது. இரண்டே முறை போயிருக்கிறேன், அதனால் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒருவர் ருஸ்ஸுலா என்ற காளானின் காம்பைச் சாக்பீஸ் போல 'டப்' என்று ஒடித்துக் காட்டினார். பைன் மரத்தடி லாக்டேரியஸ் காளான் ஒன்றைக் கீறினார், காரட் நிறத்தில் பால் கசிந்தது. கையேட்டில் பத்து தடவை படித்தும் மண்டையில் ஏறாதது, அன்று இரண்டு நிமிஷத்தில் ஏறியது. அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் நான் மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடலாம்.

போன வாரம் அழுகிய கட்டை ஒன்றில் கொத்தாகத் தேன் நிறக் காளான். அச்சு பழுப்பு. டெத் கேப்பின் அதே நஞ்சுள்ள கேலரினாவுக்கும் பழுப்பு அச்சு, அதே கட்டையில் வரும், சாப்பிடத் தகுந்த குயெனெரோமைசஸுக்கும் பழுப்பு அச்சு. வளையத்துக்குக் கீழே காம்பில் செதில் இருந்தால் இரண்டாவது என்கிறது கையேடு. சிலதில் இருந்தது, சிலதில் மழை கழுவியிருந்தது. செயலி மூன்றாவதாக ஒரு பெயர் சொன்னது. குறிப்பேட்டில் கேள்விக்குறி போட்டு, கொத்தை உரக்குழியில் கொட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழுவி வைத்தேன்.