ஷெல் ஸ்கிரிப்ட்ல தமிழ் மெசேஜ்: கெட்டெக்ஸ்ட் கமாண்டை பல வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

பேக்கப் ஸ்கிரிப்ட், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்னு எது எழுதினாலும் யூசர் கண்ணுல படுற மெசேஜை, மொழிபெயர்ப்பைத் தேடித் தர்ற க்னூ கெட்டெக்ஸ்ட் டூல் வழியாத்தான் எடுக்குறேன், பல வருஷமா இதே பழக்கம். ஸ்கிரிப்ட்டுக்குள்ளயே தமிழ்ல எழுதிட்டா போச்சேன்னு கேப்பாங்க. ஒரே மொழின்னா சரி, அதையே இங்கிலீஷ்லயும் ஓட்டணும், நாளைக்கு யாராவது மலையாளம் சேக்கணும்னு வந்தா இஃப் எல்ஸ் போட்டு போட்டே ஸ்கிரிப்ட் படிக்க முடியாம போயிடும்.

செட்டப் ரொம்ப சிம்பிள். டெக்ஸ்ட்டொமைன் வேரியபிள்ல ஸ்கிரிப்ட் பேரு, டெக்ஸ்ட்டொமைன்டிர்ல மொழிபெயர்ப்பு இருக்குற ஃபோல்டர், ரெண்டையும் எக்ஸ்போர்ட் பண்ணிட்டு கெட்டெக்ஸ்ட் கமாண்டுக்கு இங்கிலீஷ் வரியைக் குடுத்தா எம்ஓ ஃபைல்ல (மெஷின் படிக்கிற மாதிரி மாத்தின மொழிபெயர்ப்பு ஃபைல்) தேடி தமிழ் வரியை எடுத்துக் குடுத்துடும். கடைசில நியூலைன் வராது, அது வேணும்னா மைனஸ் எஸ் ஆப்ஷன் போடுங்க, எக்கோ கமாண்ட் மாதிரியே நடந்துக்கும்.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்சது எவால்_கெட்டெக்ஸ்ட், வேரியபிள் இருக்குற வரியை மொழிபெயர்க்கிற ஃபங்ஷன். கெட்டெக்ஸ்ட்.எஸ்எச் ஃபைலை மேல சோர்ஸ் பண்ணிட்டா கிடைச்சுடும். இங்கிலீஷ்ல "காப்பியிங்" முதல்ல வரும், ஃபைல் பேரு பின்னாடி வரும், நமக்கு "நகலெடுக்கிறது" கடைசிலதான வரும், அதனால மெசேஜை துண்டு துண்டா எக்கோ பண்ணினா தமிழ்ல கந்தலாயிடும். முழு வரியையும் வேரியபிளோட குடுத்துட்டா மொழிபெயர்க்கிறவங்க ஃபைல் பேரை எங்க வேணும்னாலும் நகத்தி வச்சுக்கலாம். ஆனா டாலருக்கு முன்னாடி பேக்ஸ்லாஷ் கட்டாயம் போடணும், இல்லன்னா ஷெல் முந்திக்கிட்டு ஃபைல் பேரை நிரப்பிடும், அப்புறம் தேடுற வரியும் பிஓ ஃபைல்ல (மொழிபெயர்க்கிறவங்க எழுதுற ஃபைல்) இருக்குற வரியும் வேற வேற ஆயிடும், இங்கிலீஷ்தான் வரும். உள்ள வேரியபிளை நிரப்புறது என்வ்சப்ஸ்ட்ங்கிற கமாண்ட், அதுக்கு வெறும் வேரியபிள் பேருதான் புரியும், டீஃபால்ட் வேல்யூ குடுக்குற ஷெல் வித்தையெல்லாம் அங்க செல்லாது. ஒருமை பன்மைக்கு எவால்_என்கெட்டெக்ஸ்ட், "1 ஃபைல் நீக்கப்பட்டது", "5 ஃபைல்கள் நீக்கப்பட்டன"ன்னு தானா சரியா வரும்.

பொறுமையை சோதிக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு. மொழிபெயர்ப்பு கிடைக்கலன்னா குடுத்த வரியை அப்படியே திருப்பிக் குடுத்துடும், எர்ரர் கிடையாது, எக்ஸிட் கோடும் 0. ராத்திரி பேக்கப் பாதில நிக்காம ஓடுதே, அந்த வகையில இதுதான் சரியான முடிவுன்னு உறுதியா சொல்வேன். ஆனா ஏன் தமிழ் வரலன்னு கண்டுபிடிக்க நாமதான் தோண்டணும். ஒரு ஆஃபீஸ் சர்வர்ல லாங்குவேஜ் வேரியபிள்ல டிஏ-ன்னு பக்காவா இருந்துச்சு, தமிழ் மட்டும் வரவே இல்ல, பாத்தா அந்த மெஷின்ல தமிழ் லொகேலையே (சிஸ்டத்தோட மொழி செட்டிங்) ஜெனரேட் பண்ணல, டீஃபால்ட்டான லொகேல் சி-ல நின்னுச்சு. லொகேல் சி-யா இருந்தா லாங்குவேஜ் வேரியபிளை கெட்டெக்ஸ்ட் கண்டுக்கவே கண்டுக்காது! அதனால முதல்ல லொகேல் மைனஸ் ஏ அடிச்சு எந்தெந்த லொகேல் இருக்குன்னு பாருங்க. க்ரான்ல (நேரம் வச்சு தானா ஓட்டுற வசதி) ஓடுற ஸ்கிரிப்ட்னா லாங் வேரியபிளை உள்ளயே செட் பண்ணிடுங்க, டெர்மினல்ல இருக்குற என்விரான்மென்ட் அங்க அப்படியே வராது. இங்கிலீஷ் வரியில ஒரு கமா மாறினாக்கூட பொருந்தாது, அதனால மூல வரியைத் தொட்டா வரிகளைத் திரட்டுற எக்ஸ்கெட்டெக்ஸ்ட், அதைப் பழைய பிஓ ஃபைலோட சேக்குற எம்எஸ்ஜிமெர்ஜ் ரெண்டையும் மறுபடி ஓட்டியே ஆகணும்.

பேஷ் ஷெல்லுலயே டாலர் போட்டு டபுள் கோட் போடுற வசதி இருக்கேன்னு சிலர் அதுக்குப் போறாங்க. வேண்டாம்ங்க. அதுல மொழிபெயர்ப்பு வந்த பிறகு ஷெல் அதை விரிக்கும், யாரோ அனுப்பின பிஓ ஃபைல்ல பேக்டிக் குறிக்குள்ள ஒரு கமாண்ட் இருந்தா அது உங்க மெஷின்ல ஓடிடும், கெட்டெக்ஸ்ட் மேனுவலே இதை எச்சரிக்குது. பேஷ் 5.2-ல இதைத் தடுக்க நோஎக்ஸ்பேண்ட்_டிரான்ஸ்லேஷன்னு ஒரு ஆப்ஷன் வந்துச்சு, ஆனா டீஃபால்ட்டா ஆஃப்லதான் இருக்கு.

டெபியன், உபுண்டுல ஸ்கிரிப்ட் ஓட மட்டும்னா கெட்டெக்ஸ்ட்-பேஸ் பேக்கேஜ் போதும், பிஓ ஃபைலை எம்ஓ ஆக்குற எம்எஸ்ஜிஎஃப்எம்டி மாதிரி மொழிபெயர்ப்பு வேலைக்கான டூல்ஸ் வேணும்னா கெட்டெக்ஸ்ட் பேக்கேஜையும் போட்டுக்கோங்க.