மணலை நிறுத்த வைக்கோலா, பாசியா?

சீனாவின் டெங்கர் பாலைவனத்தில், 1950களில் போட்ட ரயில் பாதையை மணல் மூடாமல் காத்தது வைக்கோல் கட்டம், அதாவது மணலில் சதுரம் சதுரமாக நட்ட வைக்கோல். இப்போது ஆய்வகத்தில் வளர்த்த நீலப்பச்சைப் பாசியை மணல்மேல் தெளிக்கும் முறையும் வந்திருக்கிறது.

செலவு: வைக்கோல் மலிவு, கூலிதான் கூட. பாசிக்கு வளர்ப்புத் தொட்டிகள் வேண்டும்.

வேலை: வைக்கோலை 1 மீட்டர் சதுரங்களாக மண்வெட்டியால் குத்தி நட வேண்டும், முதுகு ஒடியும். பாசியைத் தெளித்தால் சரி, ஆனால் தொடக்கத்தில் ஈரம் கட்டாயம்.

ஆயுள்: வைக்கோல் சில வருடங்களில் மக்கிவிடும். பாசி இழைகளோ பசை சுரந்து மணலைப் பிணைக்கும். காய்ந்து கிடந்தாலும் மழை பட்டதும் விழிக்கும். சில இனங்கள் காற்றின் நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும். ஆடுமாடு மிதித்தால் மட்டும் போச்சு.

நகரும் மணல்மேட்டுக்கு என் ஓட்டு வைக்கோலுக்கே. பாசி மட்டும் என்றால் மணலில் புதைந்துவிடும். மணல் ஓரளவு அடங்கிய இடத்துக்குப் பாசி. வைக்கோல் கட்டத்துக்குள்ளேயே பாசி தெளிப்பதும் உண்டு.