பி.பி.டபிள்யூவும் ஸ்டார் சானும்: பூஞ்சை பிடித்த பீர் வாளியைக் கழுவிய கதை

லண்டனில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறேன். இங்கே 1963-லிருந்து சொந்தக் குடிப்புக்குக் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாளி வாங்கக் கிளம்ப வேண்டாம், அங்கே சட்டம் வேறு. கொம்புச்சா, ஜிஞ்சர் பீர் என்று எதையாவது புளிக்க வைக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம், பூஞ்சைக்கு எல்லா வாளியும் ஒன்றுதான்.

மகள் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் கடைசியாகப் பாட்டிலில் அடைத்தேன். வாளியை நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று மூடியை அழுத்தி ஷெட்டில் வைத்தேன். அந்த ‘நாளை’ வருவதற்குப் பதினான்கு மாதம் ஆனது. திறந்து பார்த்தால் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஈஸ்ட் வண்டல், அதன் மேல் பச்சையும் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பளி, மூடியின் உள்பக்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக. பழைய சோற்றை ஒரு வாரம் மறந்துபோய் வைத்திருந்தால் வருமே, அதன் பெரியப்பா மாதிரி ஒரு வாடை. இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இப்படி ஏதாவது இருந்தால் வீட்டுக்குள் வைத்துத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள், உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டாதீர்கள். வித்துகள் தூசியாகப் பறக்கும். தோட்டத்தில் வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, முதலில் தண்ணீரைத் தெளித்து நனைத்துவிட்டு அப்புறம் வழித்துக் கொட்டுங்கள். நான் முதல் தவறைச் செய்துவிட்டு அன்றைக்கு முழுக்கத் தும்மிக்கொண்டிருந்தேன்.

தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிளாஸ்டிக் வாளி ஒன்றும் பெரிய விலையில்லை. ஆனால் உள்ளே ஒரு கீறல்கூட இல்லாத வாளி அது, அதனால் ஒரு முயற்சி செய்து பார்த்தேன். உள்ளே கீறல் விழுந்திருந்தால் யோசிக்காமல் குப்பையில் போட்டிருப்பேன், ஏனென்றால் கீறலுக்குள் உட்கார்ந்திருப்பதை எந்த மருந்தாலும் நம்பிக்கையாக எடுக்க முடியாது.

வாங்கியது இரண்டு பொருள். புதிதாகக் காய்ச்சுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பி.பி.டபிள்யூ அழுக்கை எடுக்கும், ஸ்டார் சான் அழுக்கு போன பிறகு மிச்சமிருக்கும் கிருமியைப் பார்த்துக்கொள்ளும். பூஞ்சை ஒட்டியிருக்கிற வாளியில் நேராக ஸ்டார் சானை ஊற்றுவது குளிக்காமல் சென்ட் அடித்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.

பி.பி.டபிள்யூ ஒரு வெள்ளைத் தூள். சோடியம் பெர்கார்பனேட்டும் மெட்டாசிலிகேட்டும்தான் இதில் முக்கியச் சரக்கு. வெந்நீரில் போட்டால் பெர்கார்பனேட் உடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடியம் கார்பனேட்டும் வரும், மெல்ல நுரைத்துக்கொண்டே வண்டலையும் புரதப் படிவத்தையும் தளர்த்திவிடும். சாதாரண அழுக்குக்கு லிட்டருக்கு 8 கிராம் போதும். என்னுடையது சாதாரணமில்லை என்பதால் 15 கிராம் கணக்கில் 20 லிட்டருக்கு 300 கிராம் போட்டேன், அதாவது சின்ன டப்பாவில் பாதிக்கு மேல் ஒரே ராத்திரியில் காலி. தண்ணீர் கிட்டத்தட்ட 60 டிகிரி. (இந்தச் சூடு என் வாளிக்குச் சரி. மெல்லிய பெட் (PET) பிளாஸ்டிக் குடுவை வைத்திருப்பவர்கள் வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், சுருங்கிவிடும். கண்ணாடிக் குடுவையில் திடீரென்று வெந்நீர் ஊற்றினால் விரிசல்.) மூடியை இறுக்கவே கூடாது, உள்ளே வாயு சேரும். நான் சும்மா மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால் உண்மையிலேயே ஆச்சரியம். கம்பளி மொத்தமும் கழன்று மிதந்தது. சுவரில் இருந்த பழுப்பு வளையத்தை மிருதுவான துணியால் ஒரு சுற்றுச் சுற்றினேன், போய்விட்டது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், நீங்களே கீறலை உண்டாக்கிக் கொடுப்பீர்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். வாளியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்குமே, பாட்டிலில் பிடிப்பதற்கு, அதைச் சந்தேகத்தின் பேரில் கழற்றினேன். திருகுமரையிலும் ரப்பர் வாஷருக்கு அடியிலும் கறுப்புக் கொழகொழப்பு, ராத்திரி முழுக்க ஊறியும் மருந்து அங்கே எட்டவேயில்லை! இரண்டு துண்டாகப் பிரியும் குழாய் அது, உள்ளே சுழலும் பாகத்தைப் பிடுங்கினால் அங்கேயும் அதே கதை. இதில் பி.பி.டபிள்யூவின் குற்றம் ஒன்றுமில்லை, என் சோம்பேறித்தனம்தான். ஆனால் நல்ல மால்ட், நல்ல ஹாப்ஸ் எல்லாம் வாங்கிக் காய்ச்சியும் ஏன் ஒவ்வொரு தடவையும் புளிக்கிறது என்று புலம்புகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, குழாயைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள் என்றுதான். மூடியில் ஏர்லாக் (உள்ளே சேரும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத சின்ன அடைப்பு) செருகும் ரப்பர் வளையத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கறுத்துப்போன டியூபைக் கழுவிப் பார்க்கவேயில்லை, நேராகக் குப்பை.

ஒரு சின்னப் பரிசோதனையும் செய்தேன். மூடியையும் ஏர்லாக்கையும் சூப்பர் மார்க்கெட்டில் துணிக்கறைக்கு விற்கும் வாசனை சேர்க்காத ஆக்சிஜன் பவுடரில் ஊறப்போட்டேன். அதிலும் சரக்கு அதே பெர்கார்பனேட்தான், விலை பாதிக்கும் கீழே. மூடி சுத்தமானது, ஆனால் கொஞ்சம் தேய்க்க வேண்டியிருந்தது, இங்கத்திய கடினத் தண்ணீரில் வெள்ளையாக ஒரு படலமும் நின்றது (வினிகர் தண்ணீரில் போய்விட்டது). வழக்கமான கழுவலுக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. பதினான்கு மாதப் பாவத்துக்கு பி.பி.டபிள்யூ. அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் இந்தப் பவுடரைப் போடாதீர்கள், கறுத்துவிடும்.

பிளீச் போட்டால் ஆகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பூஞ்சை சாகும், சரி. ஆனால் எவர்சில்வரில் பொத்தல் பொத்தலாக அரிக்கும், சரியாக அலசாமல் விட்டால் பீரில் பிளாஸ்திரி மாதிரி ஒரு மருந்து வாடை வரும். இதையெல்லாம் விட முக்கியம், பிளீச்சோடு ஸ்டார் சான் மாதிரி அமிலம் எதுவும் சேர்ந்தால் குளோரின் வாயு. விளையாட்டில்லை.

இப்போது ஸ்டார் சான். பாஸ்பாரிக் அமிலமும் நுரைக்கிற ஒரு பொருளும் சேர்ந்த திரவம். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது லிட்டருக்கு ஒன்றரை மில்லி. நான் வாளி நிறையக் கலப்பதில்லை, ஒரு லிட்டர் ஸ்பிரே பாட்டிலில் கலந்து எல்லா இடத்திலும் அடித்து, இரண்டு நிமிடம் ஈரமாகவே விட்டுவிடுவேன். துடைக்கவோ அலசவோ வேண்டாம், இந்த அளவில் கலந்தது பீரில் கொஞ்சம் சேர்ந்தாலும் ஒன்றும் ஆகாது. நுரையைப் பார்த்தால் முதல் தடவை வயிற்றைக் கலக்கும், வாளியை விட்டுப் பொங்கி வழியும். கண்டுகொள்ளாமல் மேலேயே வோர்ட்டை (இன்னும் புளிக்காத மால்ட் சாற்றை) ஊற்றலாம். ஒன்றரை மில்லி அளக்கக் குழந்தை மருந்து சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, மார்க்கரால் பெரிதாகக் குறி போட்டு ஷெட்டிலேயே வைத்துவிட்டேன், அது இனி வீட்டுக்குள் வராது. கலக்காத திரவம் தோலை எரிக்கும், கையுறை கட்டாயம்.

குறை என்றால் லண்டன் தண்ணீரில் கலந்த உடனே பால் மாதிரி கலங்கிவிடுகிறது. கலங்கினால் செத்துவிட்டது என்று உடனே கொட்டிவிடாதீர்கள், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் போட்டுப் பாருங்கள், 3-க்குக் கீழே இருக்கும்வரை வேலை செய்யும். அயர்ன் பாக்ஸுக்கு ஊற்றுகிற தாது நீக்கிய தண்ணீரில் கலந்தால் வாரக்கணக்கில் தெளிவாகவே இருக்கிறது. இன்னொன்று, இது எல்லாவற்றையும் கொன்று தீர்க்கிற மருந்து இல்லை, எண்ணிக்கையைக் குறைக்கும், அவ்வளவுதான். மிச்சத்தை ஈஸ்ட் முந்திக்கொள்ளும். அம்மா ஊறுகாய் ஜாடியை வெயிலில் காயவைத்து, ஈரக் கரண்டியோடு யாராவது வந்தால் திட்டுவாரே, அதே கணக்கு. எனவே கழுவிய வாளியை மூடி போடாமல் கவிழ்த்து நன்றாக உலர்த்துகிறேன், குழாயைத் தனியாகக் கழற்றி வைத்து.

அதே வாளியில் 23 லிட்டர் பிட்டர் (இங்கத்திய கசப்பு பீர் வகை) போட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தபோது மேலே படலம் எதுவும் இல்லை, வாடை இல்லை, பாட்டிலில் ஒரு மாதம் இருந்த பிறகும் புளிக்கவில்லை. பி.பி.டபிள்யூவுக்கு ஐந்துக்கு நாலு, ஒரு மதிப்பெண் விலைக்காகப் போனது. ஸ்டார் சானுக்கு நாலரை. குழாயை இரண்டாவது தடவை ஊறவைத்துச் சுத்தம் செய்தும் மனசு ஒப்பவில்லை, மூன்று பவுண்டு கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன்.