3,400 பிராங்க் போய்விட்டது: ஷ்லிட்டன் (பனிச்சறுக்கு வண்டி) செய்யக் கொடுப்பவர்கள் கவனம்

3,400 பிராங்க். ஒரு வருடத்துக்கு மேல் சேர்த்த காசு. நேற்று அது சுவிட்சர்லாந்தின் மலையூரான கிரிண்டெல்வால்டில், பிள்ளைகள் சறுக்கும் சின்ன மேட்டில் இரண்டாக உடைந்து கிடந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. வேறு யாரும் மாட்டக் கூடாது என்றுதான் உடனே எழுதுகிறேன்.

ஃபவுல்ஹோர்ன் மலையில் இருந்து கிரிண்டெல்வால்டுக்கு 15 கிலோமீட்டர் ஷ்லிட்டன் பாதை இருக்கிறது. கேபிள் கார் பாதி வழியில் உள்ள ஃபிர்ஸ்ட் என்ற இடம் வரைதான். அங்கிருந்து இரண்டரை மணி நேரம் ஷ்லிட்டனைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு ஏற வேண்டும். மர ஷ்லிட்டனைத் திருப்புவதும் நிறுத்துவதும் குதிகாலால்தான், கீழே வரும்போது முழங்கால் விட்டுப்போகும். அதனால் இரண்டு வருடமாக நானே ஒன்றை வரைந்தேன். முன்னால் ஹேண்டிலோடு திரும்பும் இரண்டு குட்டை ஸ்கீ, ஒவ்வொன்றுக்கும் குலுக்கலைத் தாங்க ஒரு ஷாக், பின்னால் பனியைக் கிளறி நிறுத்தும் பிரேக். அந்த ஊரில் 1911இல் காப்புரிமை பெற்ற வெலோகெமல் என்ற மரப் பனிச் சைக்கிள் இன்றைக்கும் ஓடுகிறது. ஹேண்டில் யோசனை அதைப் பார்த்து வந்தது. மொத்த எடை 11 கிலோவைத் தாண்டக் கூடாது. மேலே இழுத்துப்போக வேண்டுமே.

வரைபடத்தை ஏற்றினால் பட்டறைகள் விலை சொல்லும் ஓர் இணையதளத்தில் போட்டேன். ஒரு பட்டறைக்காரர் வீடியோவில் முக்கால் மணி நேரம் கதைத்தார். “இந்த ஷாக்கில் உள்ள எண்ணெய் கடுங்குளிரில் தடித்துவிடும், மெல்லிய எண்ணெய் போட வேண்டும்” என்று அவராகவே சொன்னார். நான் கவனிக்காமல் விட்ட விஷயம் அது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். வேலை தெரிந்த மனிதர், ஏமாற்ற மாட்டார் என்று முழுசாக நம்பிவிட்டேன். “7075 அலுமினியத்தில் பிரேமை வெல்ட் பண்ணித் தருகிறேன், விமானத்துக்குப் போடும் உலோகம்” என்றார். அப்புறம், “தளத்துக்கு ஏன் கமிஷன்? நேரே வங்கிக்குப் போடுங்கள், குறைத்துத் தருகிறேன்.” போட்டேன். முழுக் காசும். 3,400 பிராங்க்.

ஆறு கிழமை என்றது பதினொரு கிழமை ஆனது. வந்த பெட்டியைத் தூக்கும்போதே மனம் துணுக்குற்றது. தராசில் வைத்தால் 17 கிலோ. சரி, ஓடிப் பார்ப்போம் என்று கொண்டுபோனேன். இரண்டாவது திருப்பத்தில் ஹேண்டில் கழுத்து வெல்ட் ஓரமாகவே பிளந்தது. மெதுவாகப் போனதால் தோளில் கன்றலோடு தப்பினேன். அதே உடைவு ஃபவுல்ஹோர்ன் பாதையில் நடந்திருந்தால்?

வேலையிடத்தில் வெல்டிங் செய்யும் அண்ணைக்குப் படம் அனுப்பினேன். “தம்பி, 7075ஐ சாதாரணமாக வெல்ட் பண்ணக் கூடாது, ஆறும்போதே உள்ளே வெடிப்பு விடும். போல்ட் போட்டுத்தான் பூட்ட வேண்டும். இவனுக்கு ஒன்றில் வேலை தெரியாது, இல்லாவிட்டால் உலோகமே வேறு” என்றார்.

நேற்றிரவே பட்டறைக்காரருக்கு எழுதினேன். முதலில் “உங்கள் வரைபடத்தில்தான் பிழை” என்றார். எந்த இடத்தில் என்று கேட்டேன். “பாவித்த சாமானைத் திருப்பி எடுக்க முடியாது.” எடை ஏன் 17 கிலோ என்று கேட்டேன். “எங்கள் தொழில்நுட்ப ஆள் லீவில் நிற்கிறார்.” அதோடு பதிலே இல்லை. இணையதளத்துக்கு மூன்று தரம் எழுதினேன், மூன்று தரமும் ஒரே கடிதம்: பணம் எங்கள் வழியாக வரவில்லை, தலையிட முடியாது. 3,400 பிராங்க் அவர்களுக்கு ஒரு வரிப் பதில்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், முடியவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு சதம்கூடப் போடாதீர்கள். 7075ஐ வெல்ட் பண்ணித் தருகிறேன் என்றால் அங்கேயே கதையை நிறுத்துங்கள். தராசில் வைத்துப் படம் அனுப்பாமல் மிச்சக் காசு கொடுக்காதீர்கள். முழு வரைபடத்தையும் முதல் நாளே கொடுத்துவிடாதீர்கள். என்னுடையது, கடைசி போல்ட் அளவு வரை, இப்போதும் அந்த ஆளின் கையில்தான் இருக்கிறது.