மாதுங்காவில் ஒரு வாடகை நூலகம்: எழுத்தாளர் வாரியாக, ஆண்டு வாரியாக

மும்பையின் மாதுங்கா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி, பூக்கடைகளைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் வரும் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் தமிழ் வாடகை நூலகத்தில் நான் உறுப்பினராகி ஏழு மாதங்கள் ஆகின்றன. முன்பணம் 500 ரூபாய், மாதச் சந்தா 150 ரூபாய். ஒரு முறைக்கு மூன்று புத்தகங்கள் எடுத்துக்கொள்ளலாம், பதினைந்து நாள் தவணை. மாலை ஐந்து முதல் எட்டு வரை திறந்திருக்கும், திங்கட்கிழமை விடுமுறை. பெயர்ப்பலகை கிடையாது என்பதால் முதல் முறை வருபவர்கள் கீழே உள்ள தையற்கடையில் விசாரித்துக்கொள்வது நல்லது.

அந்தேரியில் இந்தித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதும் டப்பிங் வேலை எனக்கு. உதட்டசைவுக்குள் தமிழ் அடங்க வேண்டும், அன்றைய எபிசோட் அன்றே முடிய வேண்டும் என்ற அவசரத்தில், மாமியாரும் மருமகளும் காதலனும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிட்டதைக் கவனித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. காதலையும் குடும்பத்தையும் வைத்தே ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று படித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இங்கே வந்தேன்.

இந்த நூலகத்தின் சிறப்பு அடுக்கும் முறையில் இருக்கிறது. புத்தகங்கள் எழுத்தாளர் வாரியாகவும், ஒவ்வொரு எழுத்தாளருக்குள்ளும் வெளிவந்த ஆண்டு வாரியாகவும் அடுக்கப்பட்டிருப்பதால், ஒருவர் எழுத வந்த நாளிலிருந்து கடைசிவரை என்ன செய்தார் என்பதை இடமிருந்து வலமாக நடந்தே பார்த்துவிடலாம். அனுராதா ரமணனின் அலமாரி இதற்கு நல்ல உதாரணம். 1947இல் தஞ்சாவூரில் பிறந்து, ஓவியம் பயின்று, 1977இல் மங்கை இதழில் எழுதத் தொடங்கியவர் அவர். ஆனந்த விகடனின் தங்கப் பதக்கம் பெற்ற ‘சிறை’ சிறுகதை 1984இல் ஆர்.சி.சக்தி இயக்கத்தில் படமானது. பிறகு ‘அர்ச்சனைப் பூக்கள்’, ‘பாசம்’, ‘கனாக் கண்டேன் தோழி’ என்று அவருடைய கதைகள் தொலைக்காட்சித் தொடர்களாகவும் வந்தன. 2010இல் மறையும்வரை அவர் எழுதிய நாவல்கள் ஏறத்தாழ 800 என்று சொல்வார்கள். எண்ணிக்கையாகக் கேட்டபோது எனக்கு அது வெறும் வியப்பாகத்தான் இருந்தது. அலமாரியின் முன் நின்ற பிறகே அதன் பின்னால் இருந்த உழைப்பு புரிந்தது.

பத்திரிகைத் தொடர்கதை, மாத நாவல், சின்னத்திரை ஆகிய மூன்றும் எழுதுபவரிடம் கேட்பது வெவ்வேறு என்பதையும் இங்கேதான் தெளிவாக உணர்ந்தேன். வாரத் தொடரில் ஓர் அத்தியாயம் சில பக்கங்களில் முடிந்து, வாசகரை ஏழு நாள் காத்திருக்க வைக்க வேண்டும். மாத நாவலோ ஒரே மூச்சில் படித்து முடிக்கும்படி அமைய வேண்டும். தொலைக்காட்சிக்குப் போகும்போது, ‘அவள் மனசுக்குள் ஏதோ உடைந்தது’ என்று எழுதிவிட்டு நகர முடியாது. அந்த உடைசலை ஒரு வசனமோ, ஒரு மௌனமோ, கையிலிருந்து நழுவும் டம்ளரோதான் சொல்ல வேண்டும். கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று பிரிந்துவிடுவதும், வியாழக்கிழமை வரும் டிஆர்பியை, அதாவது எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கைப் பார்த்துப் பாத்திரத்தின் போக்கே மாறுவதும் அந்தத் தொழிலின் நடைமுறை. தனியாக உட்கார்ந்து நாவல் எழுதிப் பழகியவருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, அந்த வேலையின் ஓரத்தில் இருக்கும் என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது.

நூலகத்தை நடத்தும் பெரியவர் எந்த நாவல் எந்தச் சேனலில் தொடராக வந்தது, எத்தனை மணிக்கு ஒளிபரப்பானது என்பதை நாளிதழ்களின் நிகழ்ச்சி நிரலிலிருந்து வெட்டி, அந்தந்தப் புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டி வைத்திருக்கிறார். இப்படி ஒரு பதிவை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என்னை மிகவும் கவர்ந்தவை பைண்டு செய்த தொடர்கதைகள். வார இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்து, வீட்டிலேயே ஊசி நூலால் தைத்து, காலிகோ துணியால் முதுகு ஒட்டியவை. பக்கத்தின் மறுபுறம் பாதி நகைச்சுவைத் துணுக்கு, பாதி ஊறுகாய் விளம்பரம். அப்படி ஒரு தொகுப்பில் பதின்மூன்றாம் அத்தியாயம் இல்லை என்று நான் சொன்னபோது, “கடைசிப் பக்கத்துல பாருங்கம்மா, மாமி ஒருத்தர் கையால எழுதிக் குடுத்திருக்கா” என்றார் பெரியவர். கோடு போட்ட நோட்டுத் தாள் நான்கில், நீல மையில், அடித்தல் திருத்தல் இன்றி அந்த அத்தியாயம் முழுவதும் இருந்தது. முடிவில் ‘தொடரும்’ என்ற சொல்லை, இதழில் அச்சானது போலவே சுழித்து வரைந்திருந்தார். அடுத்தடுத்த வாரங்களில் வேலைக்கு உட்காரும்போதெல்லாம் அந்த நான்கு தாள்கள் என் நினைவுக்கு வந்தன.

குறைகளும் உண்டு. அட்டவணை எதுவும் இல்லை. பெரியவரின் நினைவாற்றலே அட்டவணை. அவர் ஊருக்குப் போயிருந்த இரண்டு வாரமும் பொறுப்பில் இருந்த இளைஞரால் நான் கேட்ட ஒரு புத்தகத்தைக்கூட எடுத்துத் தர முடியவில்லை. கடந்த பத்தாண்டுகளில் எழுத வந்தவர்களின் நாவல்கள் ஒரு தட்டைத் தாண்டவில்லை. தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் முகக்கவசம் இல்லாமல் உள் அறைக்குப் போக வேண்டாம். படிகள் செங்குத்தானவை, லிஃப்ட் கிடையாது. ஆனால் மூத்தவர்கள் கீழே தையற்கடையில் உட்கார்ந்து பெயரைச் சொல்லி அனுப்பினால் புத்தகம் இறங்கி வருகிறது.

ஜிபே ஏற்றுக்கொள்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை, மழைக்காலத்தில், பைண்டு தொகுப்புகளை பாலிதீன் உறை கொண்டுவருபவர்களுக்கு மட்டுமே வெளியே தருகிறார்கள். அந்த நான்கு தாள்கள் உள்ள தொகுப்பை எந்த மாதத்திலும் அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.