உசிலம்பட்டிக்கு வந்த மதர்போர்டு

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று ஜனவரியில் ஐந்து வாரம் ஊருக்கு வந்திருந்தேன். ஸ்டுட்கார்ட்டில் நானும் ஒரு தோழியும் சேர்ந்து சின்னதாக ஒரு கணக்கு எழுதும் நிறுவனம் நடத்துகிறோம். ஜனவரி எங்களுக்கு வேலை குவியும் மாதம், அதனால் ஆபீஸ் லேப்டாப்பும் கூடவே வந்தது. ஒன்பதாம் நாள் காலை அது ஆன் ஆகவில்லை. சார்ஜரைச் செருகினால் ஓரத்தில் சின்ன விளக்கு விட்டு விட்டு எரிந்தது, அவ்வளவுதான்.

மூன்று வருட வாரண்டி, வீட்டுக்கே ஆள் வந்து சரிசெய்யும் வகை, வெளிநாட்டிலும் செல்லும் என்று தாளிலேயே இருக்கிறது. வணிக மாடல்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் தருகிறார்கள். வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றுக்கு வாங்கிய நாட்டோடு சரி. தைரியமாக இங்குள்ள உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். "உங்க மெஷின் ஜெர்மனில இருக்குன்னு காட்டுது மேடம். இந்தியாவுக்கு மாத்தினாத்தான் கேஸ் போட முடியும்" என்றார்கள். பில் நகல், சீரியல் நம்பர், இங்குள்ள முகவரி எல்லாம் அனுப்பி, அது மாறி வர மூன்று நாள் போயிற்று. கிளம்பும் முன்பே ஸ்டுட்கார்ட்டில் உட்கார்ந்து செய்திருக்கக்கூடிய வேலை. கூடுதல் பணம் கட்டி வாங்கிய வாரண்டி அது. விற்கும்போதே இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாமா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அப்புறம் "அடுத்த வேலை நாளே ஆள் வருவார்" என்ற கதை. பின்கோடு 625532 என்றதும் மறுமுனையில் கொஞ்சம் மௌனம். மதுரைக்குள் என்றால் ஒரு கணக்கு, உசிலம்பட்டி என்றால் வேறு கணக்காம். அதுவும் பாகம் கைக்கு வந்த பிறகுதான் நாளை எண்ண ஆரம்பிப்பார்களாம்.

பொறுக்க முடியாமல் பஸ் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே என் பக்கம் தள்ளினார். "வாரண்டி ஓடிக்கிட்டு இருக்குல்லம்மா. நான் தொறந்தா நாளைக்கு அவங்க கை விரிச்சிருவாங்க. விடாம அவங்களுக்கே போன் போடுங்க." காசு வாங்கவில்லை. அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே திறந்து நாலாயிரம் ஐயாயிரம் கேட்டிருக்கலாம், நானும் கொடுத்திருப்பேன்.

மாற்ற வேண்டிய மதர்போர்டு, அதாவது லேப்டாப்பின் முதன்மைப் பலகை, சென்னையிலிருந்து வந்து சேர்ந்த மறுநாள், மதுரையிலிருந்து பைக்கிலேயே ஒரு தம்பி வந்தார். திண்ணையில் காற்று வரும் என்று கூடத்து மேசையில் துண்டு விரித்துக்கொண்டார். திருப்புளியை எடுக்கும் முன் அவர் கேட்ட முதல் கேள்வி: "மேடம், பிட்லாக்கர் ரெக்கவரி கீ கையில இருக்கா?"

ஹார்டு டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் விண்டோஸ் பூட்டிவைக்கிறது, அந்த வசதிதான் பிட்லாக்கர். அந்தப் பூட்டின் சாவி போர்டில் உள்ள ஒரு சிப்போடு கட்டுண்டது. போர்டை மாற்றினால் டிஸ்க் புது இடத்தை நம்பாது, ரெக்கவரி கீ என்ற 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் மெஷின் பிழைக்கும், உள்ளே இருக்கும் கணக்குகள் போய்விடும். என் எண் ஸ்டுட்கார்ட் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. இங்கே மணி பதினொன்று, அங்கே காலை ஆறரை. தோழியை எழுப்பினேன். அவள் ஆபீஸுக்குப் போய்ச் சேரும் வரை அந்தத் தம்பி அவசரப்படவே இல்லை.

ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகையும் படத்தில் அதனதன் இடத்தில் வைத்தார். நீளத் திருகு குட்டைத் திருகின் இடத்தில் போனால் மேல் தகட்டைக் குத்திவிடுமாம். புது போர்டில் என் பழைய சீரியல் நம்பரைப் பதிந்தார். "இதை விட்டுட்டா அடுத்த தடவை வாரண்டி இல்லைன்னு காட்டும்க்கா." அதற்குள் மேடம் அக்காவாகியிருந்தேன். என் கீபோர்டில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருப்பதைப் பார்த்து, "நல்லவேளை இது போகல. ஜெர்மன் கீபோர்டு இங்க ஸ்டாக்ல இருக்காது" என்றார்.

திரை வெளிச்சம் வந்து எண்ணைக் கேட்டது. தோழி போனில் ஆறு ஆறாகப் படிக்க, நான் அடித்தேன். திறந்தது.

பழைய போர்டைப் புதியது வந்த அதே பெட்டியில் வைத்து ஒட்டிக்கொண்டார். அதைத் திருப்பி அனுப்பியாக வேண்டுமாம். பணம் நீட்டியதற்கு வேண்டாம் என்றார், மோர் மட்டும் குடித்தார். வண்டியைக் கிளப்பும்போது, "ஊருக்குப் போறதுக்குள்ள மறுபடி ஜெர்மனிக்கு மாத்தச் சொல்லிருங்கக்கா" என்றார். அன்று சாயங்காலமே எழுதிப் போட்டேன். மற்ற இரண்டு மெஷின்களின் சாவி எண்களையும் தோழியிடம் கேட்டு வாங்கி, அப்பாவின் பீரோவில் பாஸ்புக்குக்குள் வைத்திருக்கிறேன்.